ஆபரேஷன் முடிஞ்சாச்சு, ஆனா இன்னும் ஆறு வாரம் பொறுங்க

மறைமலைநகர்ல இருந்து ஒரு நேயர் கேட்டிருந்தாங்க. வீட்டுல ரெண்டு பெண் கினி பிக். மூணாவதும் பெண்ணுன்னு சொல்லித்தான் கடையில கொடுத்திருக்காங்க. பார்த்தா ஆண். தனியா வச்சு, கருத்தடை ஆபரேஷனும் பண்ணியாச்சு. "இப்போ மூணையும் ஒண்ணா விடலாமா?"

இப்போ வேண்டாம். விரையை எடுத்த பிறகும் குழாயில மிச்சமிருக்கிற விந்தணு சில வாரம் தாக்குப்பிடிக்கும். அதனால 6 வாரம் காத்திருக்கணும். அவசரப்பட்டா என்ன ஆகும்? ஏழெட்டு மாசத்துக்கு மேல முதல் தடவையா சினையாகிற கினி பிக்குக்கு இடுப்பெலும்பு மூட்டு இறுகிப்போயிருக்கும். குட்டி வெளிய வராம சிக்கிக்கும். சிசேரியன் பண்ணாலும் தாய் பிழைக்கும்னு உறுதி கிடையாது. நேயரோட ரெண்டு பெண்களுக்கும் ஒரு வயசு தாண்டியாச்சு. அதான் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்.

அந்த 6 வாரமும் ஆணை வேற ரூம்ல அடைச்சுப் போடாதீங்க, தனிமை அதுக்கு ஆகாது. கூண்டுகளைப் பக்கத்துல வைங்க. ஆனா நடுவுல இடைவெளி இருக்கட்டும். கம்பி ஒட்டியிருந்தா அது வழியாவே வேலை நடந்துடும், சிரிக்காதீங்க!

சேர்க்கிற அன்னைக்கு, மூணுக்கும் பழக்கமில்லாத இடமா பாருங்க. ஹால் தரையில பழைய பெட்ஷீட் விரிச்சாப் போதும், வெறும் டைல்ஸ் வழுக்கும். அருகம்புல், கொத்தமல்லித் தழையை நாலஞ்சு இடத்துல குவிச்சு வைங்க. ஒளிய அட்டைப்பெட்டி வைக்கிறீங்கன்னா ரெண்டு வாசல் வெட்டுங்க. ஒரே வாசல்னா உள்ள மாட்டினது தப்பிக்க முடியாது.

ஆண் இடுப்பை ஆட்டிக்கிட்டு "குர்ர்ர்"னு சுத்தி வரும், மேல ஏறும். ஆபரேஷன் பண்ணியும் ஏன்னு குழம்பாதீங்க, இந்தக் குணம் போகாது. பிடிக்கலேன்னா பெண் திரும்பி மூஞ்சியிலயே சிறுநீர் பீய்ச்சும். துரத்தல், லேசா முடி பறக்கிறது வரைக்கும் விட்டுடுங்க. நாம நடுவுல புகுந்து பிரிச்சுப் பிரிச்சு விட்டா, யாரு பெரியவங்கன்னு அவங்களுக்குள்ள முடிவே ஆகாது. ரெண்டும் நேருக்கு நேர் நின்னு விடாம பல்லைக் கடகடன்னு அடிச்சா மட்டும் உஷாராயிடுங்க. கட்டிப் புரண்டாலோ ரத்தம் வந்தாலோ உடனே பிரிச்சாகணும். கையை விடாதீங்க, டவலைப் போட்டுத் தூக்குங்க.

நம்ம ஊருக்குன்னு ஒண்ணு சொல்லணும். மாமல்லபுரம் பக்கம் மத்தியானமே கடல்காத்து வந்துடும், செங்கல்பட்டு உள்பக்கம் அது வந்து சேர லேட்டாகும். கினி பிக்குக்கு 27, 28 டிகிரி தாண்டினாலே கஷ்டம். கத்திரி வெயில்ல மத்தியானம் துரத்தல் நடந்தா வெப்ப அயர்ச்சியிலயே செத்துடலாம். காலையில 6 மணிக்கு ஆரம்பிங்க, இல்ல ஏசி ரூம்ல பண்ணுங்க.

எல்லாம் சரியாப் போனா, பெண்களோட கூண்டை நல்லாக் கழுவி, பழைய வாசனை போனதும் மூணையும் சேர்த்தே உள்ள விடுங்க. முதல் ராத்திரி யாராவது பக்கத்துலயே படுத்துக்கோங்க.