மெட்டல் டிடெக்டருக்குக் கேட்காத கறுப்புக் குப்பி... 80 ஆண்டுகளாகப் பெயர்களைத் தேடும் மனிதர்கள்!

ஏப்ரல் கடைசி வாரம். வடமேற்கு ரஷ்யாவின் நோவ்கரத் பகுதியில் பனி உருகி, சதுப்புக் காடெங்கும் தண்ணீர் தேங்கி நிற்கும் நேரம். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், காதில் ஹெட்போன், கையில் மெட்டல் டிடெக்டர் சகிதம் ஆட்கள் காட்டுக்குள் இறங்குகிறார்கள். கல்லூரி மாணவர்கள், பள்ளி ஆசிரியர்கள், தொழிலாளிகள், ஓய்வு பெற்றவர்கள் எனப் பலரும் இருக்கிறார்கள். வேலைக்கு லீவு போட்டுவிட்டு, கூடாரமும் சமையல் பாத்திரமுமாக வந்தவர்கள்தான் அதிகம்.

அவர்கள் தேடுவது புதையலை அல்ல. சுண்டுவிரல் நீளமே உள்ள ஒரு கறுப்புக் குப்பியை. அதற்குள் சுருட்டி வைத்த துண்டுக் காகிதத்தை. அந்தக் காகிதத்தில் இருக்கும் ஒரு பெயரை.

இதில் ஒரு சிக்கல் உண்டு. அந்தக் குப்பி உலோகமே கிடையாது. எபோனைட் எனப்படும் கெட்டி ரப்பரில் செய்தது. எத்தனை விலை உயர்ந்த மெட்டல் டிடெக்டரை அதன் மேல் நீட்டினாலும் ஒரு ‘பீப்’ கூட வராது. அப்புறம் எதற்கு அந்தக் கருவி என்கிறீர்களா? அதற்கு 1942-க்குப் போக வேண்டும்.

பெயரிலேயே ‘போர்’ உள்ள ஊர்

அங்கிருக்கும் சிறு கிராமத்தின் பெயர் மியாஸ்னோய் போர். நம் ஊர் ‘போர்’ அல்ல. ரஷ்ய மொழியில் ‘போர்’ என்றால் பைன் மரக்காடு. ‘மியாஸ்னோய்’ என்றால் இறைச்சி. யுத்தத்துக்கு முன்பே இருந்த பெயர்தான் என்றாலும், பின்னால் நடந்ததை நினைத்தால் கொஞ்சம் உதறத்தான் செய்கிறது.

1941 செப்டம்பரில் லெனின்கிராட் நகரை, அதாவது இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கை, ஜெர்மன் படைகள் வளைத்துக்கொண்டன. நகருக்குள் பட்டினிச் சாவு. அந்த முற்றுகையை உடைப்பதற்காக 1942 ஜனவரியில் சோவியத் படைகள் வோல்கோவ் ஆற்றங்கரையிலிருந்து தாக்குதல் தொடங்கின. ‘இரண்டாம் அதிரடிப் படை’ என்ற பிரிவு மியாஸ்னோய் போர் அருகே ஜெர்மன் வரிசையைப் பிளந்துகொண்டு உள்ளே போனது.

போன வழி மிகக் குறுகலானது. சாக்கு மூட்டையின் வாயைச் சுருக்குவதுபோல ஜெர்மானியர்கள் அந்த வழியைப் பின்னாலிருந்து மூடினார்கள். சோவியத் படை திறந்தது. மறுபடி மூடினார்கள். உணவில்லை, குண்டில்லை, வசந்தம் வந்ததும் காலுக்குக் கீழே நிலமும் இல்லை, எல்லாம் சேறு. ஜூன் மாதம் எஞ்சியவர்கள் அந்தச் சின்ன இடைவெளி வழியே வெளியேறப் பார்த்தார்கள். பலர் அங்கேயே விழுந்தார்கள். ‘மரணப் பள்ளத்தாக்கு’ என்றே அந்த இடத்துக்குப் பெயர் வந்துவிட்டது. ஜனவரியில் தொடங்கி ஜூலை வரை நடந்த இந்தச் சண்டைகளில் இறந்தும், காணாமல் போயும், சிறைப்பட்டும் சோவியத் தரப்பு திரும்பப் பெறாமல் இழந்தவர்கள் ஏறத்தாழ 1,50,000 பேர்.

கொடுமை அத்தோடு முடியவில்லை. படையின் தளபதி விளாசோவ் ஜெர்மானியரிடம் பிடிபட்டு, பிறகு அவர்கள் பக்கமே சேர்ந்துவிட்டார். ஒருவர் மேல் விழுந்த ‘துரோகி’ முத்திரை, அவருக்குக் கீழே சேற்றில் செத்துக் கிடந்த ஆயிரக்கணக்கானவர்கள் மேலும் படிந்தது. பல ஆண்டுகளுக்கு அந்தப் படையைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

வீடுகளுக்குப் போன தபாலில் இருந்தது ஒரே வரிதான்: ‘தகவலின்றிக் காணாமல் போனார்’. வீரமரணம் என்று தபால் வந்த வீட்டில் துக்கம் கொண்டாடவாவது முடிந்தது. இங்கே அதுவும் இல்லை. எதிரியிடம் சரணடையும் வீரர்களின் குடும்பத்துக்கு அரசு உதவி கிடையாது என்று 1941 ஆகஸ்டிலேயே ஸ்டாலின் உத்தரவு போட்டிருந்தார். ‘காணாமல் போனவர்’ செத்தாரா, கைதூக்கினாரா? அந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டுதான் மனைவிகள் கிழவிகளானார்கள்.

1946-ல் மியாஸ்னோய் போர் ரயில் நிலையத்துக்கு ஒரு ரயில்வே தொழிலாளியின் குடும்பம் குடிவந்தது. அந்த வீட்டுப் பையன் நிகோலாய் ஓர்லோவ் காட்டுக்குள் போனபோது, புதைக்கப்படாத வீரர்கள் விழுந்த இடத்திலேயே கிடந்தார்கள். யாரும் சொல்லாமல், யாரும் கேட்காமல், அவர்களுடைய பெயர்களைத் தேட ஆரம்பித்தார் அவர். இன்று அந்தக் காட்டில் தேடும் ‘தோலினா’ (பள்ளத்தாக்கு) குழு அவர் பெயரைத்தான் தாங்கியிருக்கிறது.

எழுதினால் சாவு வரும்!

சரி, அந்தக் குப்பி. 1941 மார்ச்சில் சோவியத் ராணுவம் ஒவ்வொரு வீரருக்கும் திருகு மூடி போட்ட எபோனைட் குப்பி ஒன்றைத் தர உத்தரவிட்டது. உள்ளே ஒரே மாதிரி இரண்டு படிவங்கள். பெயர், தந்தை வழிப் பெயர், பிறந்த ஆண்டு, ஊர், குடும்பத்தின் முகவரி, ரத்த வகை எல்லாம் எழுதி, சுருட்டிப் போட்டு மூடி, கால்சட்டையின் சின்னப் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். வீரர் இறந்தால் ஒரு படிவத்தை எடுத்துக்கொண்டு, இன்னொன்றை உடலோடு விட்டுவிடுவார்கள். தோண்டும்போது குப்பிக்குள் இரண்டு படிவங்களுமே இருந்தால் ஒன்று நிச்சயம்: அவரை யாரும் அடக்கம் செய்யவே இல்லை.

ஆனால் பல குப்பிகளில் படிவங்கள் வெற்றாகவே இருக்கின்றன. காரணம், வீரர்களிடையே பரவியிருந்த ஒரு நம்பிக்கை. ‘இதை எழுதி வைத்தால் நிச்சயம் சாவு வரும்.’ தும்மினால் நின்று போகும் நம் ஊர்க்காரர்களுக்கு இது புரியாத விஷயமல்ல. இருபது வயதுப் பையனிடம் ‘நீ செத்தால் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று எழுது’ என்றால், அவன் பேனாவைக் கீழே வைத்துவிட்டிருக்கிறான். சிலர் குப்பிக்குள் ஊசி, தீக்குச்சி, புகையிலைத் தூள் போட்டு வைத்திருக்கிறார்கள். குப்பி கிடைக்காதவர்களோ சுட்டு முடித்த தோட்டாக் கூட்டுக்குள் கைப்பட எழுதிய சீட்டைத் திணித்து வாயை அடைத்திருக்கிறார்கள். 1942 நவம்பரில் அரசே இந்தக் குப்பி முறையைக் கைவிட்டது. யுத்தம் முடிய இன்னும் இரண்டரை ஆண்டுகள் பாக்கி இருந்தன.

ஹெட்போனில் கொட்டும் மழை

இப்போது மெட்டல் டிடெக்டருக்கு வருவோம். கீழே வட்டமாக இருக்கும் சுருளில் மின்சாரம் ஓடி ஒரு காந்தப்புலத்தை உண்டாக்கும். மண்ணுக்குள் உலோகம் இருந்தால் அதில் சிறு மின்னோட்டம் எழும்பி, தன் பங்குக்கு ஒரு காந்தப்புலத்தைத் திருப்பி அனுப்பும். அதைப் பிடித்துச் சத்தமாக மாற்றுவதுதான் கருவியின் வேலை. நாணயம் என்றால் ஒரு சாண் ஆழம் வரை காட்டிக்கொடுக்கும். ஹெல்மெட் என்றால் இன்னும் கீழே இருந்தாலும் கத்தும்.

நாணயம் தேடுகிறவர்கள் இரும்பின் சத்தம் வராதபடி கருவியைச் செட் செய்துகொள்வார்கள். போர்க்களத்தில் அது உதவாது. ஹெல்மெட், மண்வெட்டி, துப்பாக்கி, பெல்ட் பக்கிள் எல்லாமே ஒரு மனிதர் இருக்கும் அடையாளம். பிரச்னை என்னவென்றால், வெடித்த குண்டின் சில்லுகளும் இரும்புதான். அடிக்கு அடி சில்லு. ஹெட்போனில் தகரக் கூரை மேல் மழை பெய்வதுபோல் ஓயாத சத்தம். அதில் எது சில்லு, எது ஹெல்மெட் என்று பிரிக்கப் பல ஆண்டுப் பழக்கம் வேண்டும்.

அதனால் அனுபவசாலிகள் பலர் நம்புவது இன்னும் எளிய ஒரு கருவியை: மேலே குறுக்குக் கைப்பிடி வைத்த நீளமான எஃகுக் கம்பி. ஈர மண்ணில் அதை மெல்ல இறக்குவார்கள். நுனி கல்லில் பட்டால் ஒரு சத்தம், வேரில் பட்டால் இன்னொன்று, எலும்பில் பட்டால் வேறொன்று. அந்த வித்தியாசம் கைக்குத் தெரியும்.

எலும்பு தட்டுப்பட்டால் மண்வெட்டி ஓரம் போகும். கத்தி, சிறு கொத்துக்கரண்டி, தூரிகை. பிறகு வெறும் கை. குப்பியைத் தேடும் நேரம் இதுதான். இடுப்பெலும்புக்கு அருகே உள்ள சேற்றைக் கைப்பிடி கைப்பிடியாக எடுத்து விரலிடுக்கில் பிசைந்து பார்க்கிறார்கள், அரிசியில் கல் பொறுக்குவதுபோல.

குப்பி கிடைத்தால் உடனே திறக்கக் கூடாது என்பது விதி. திருகு மூடி வழியே தண்ணீர் இறங்கியிருக்கும். ஊறிய காகிதம் காற்றுப் பட்டால் சுருண்டு நொறுங்கிவிடும். பழகிய ஒருவர்தான் ஊசி முனையால் தண்ணீருக்குள் வைத்து, நூல் நூலாகப் பிரிக்க வேண்டும். இதில் ஓர் ஆச்சரியம்: மையால் அழகாக எழுதியது கரைந்து போயிருக்கும், சாதாரண பென்சிலில் கிறுக்கியது நிலைத்திருக்கும்.

படிவம் வெற்றாக இருந்தாலும் வழி முழுக்க அடைபடுவதில்லை. பல வீரர்கள் தங்கள் அலுமினியக் கரண்டியில் கத்தி முனையால் பெயரைச் செதுக்கி வைத்திருந்தார்கள். சாகப் பயந்து பெயர் எழுதாதவர்கள், கரண்டி திருட்டுப் போகாமலிருக்க எழுதியிருக்கிறார்கள்! பதக்கம் கிடைத்தால் அதன் பின்பக்கம் உள்ள எண்ணை வைத்து ராணுவ ஆவணக் காப்பகத்தில் ஆளைக் கண்டுபிடித்துவிடலாம்.

இடம் மாறினால் பெயர் போச்சு

இதனால்தான் இன்னொரு கூட்டத்தைப் பார்த்தால் இவர்களுக்கு ஆத்திரம் பொங்குகிறது. அதே காடு, அதே மெட்டல் டிடெக்டர். ஆனால் இரவில், அனுமதி இல்லாமல் வருகிறவர்கள். ரஷ்யாவில் இவர்களுக்கு ‘கறுப்புத் தோண்டுகாரர்கள்’ என்று பெயர். சேகரிப்பாளர்கள் சந்தையில் ஜெர்மன் பதக்கம், ஹெல்மெட், அடையாள வில்லை எல்லாவற்றுக்கும் நல்ல விலை. நாஜிச் சின்னம் பொறித்தது என்றால் விலை இன்னும் எகிறும். துப்பாக்கியைத் தோண்டி எடுத்துச் சரிசெய்து விற்பவர்களும் உண்டு; அது சட்டப்படி சிறைக்குரிய குற்றம்.

ஜெர்மன் வீரர்கள் அணிந்தது நடுவில் துளைக்கோடு போட்ட நீள்வட்ட உலோக வில்லை. இறந்தவருக்குப் பாதியை உடைத்து எடுத்து, மீதியை உடலோடு விடுவார்கள். அதில் பொதுவாகப் பெயர் இருக்காது; படைப்பிரிவும் எண்ணும்தான் முக்கிய அடையாளம். பெர்லினில் உள்ள ஆவணத்தோடு ஒப்பிட்டால்தான் அது ஒரு மனிதராகும். அந்த வில்லையை எலும்பிலிருந்து பிரித்து ஆன்லைனில் விற்றுவிட்டால்? வாங்கியவர் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் ஓர் எண் தொங்கும். காட்டில் பெயரில்லாத எலும்புகள் கிடக்கும். இரண்டையும் சேர்க்க இனி யாராலும் முடியாது.

ஒரு பொருளை அது கிடந்த இடத்தோடு சேர்த்துப் பார்த்தால் என்ன நடக்கும் என்பதற்கு பிரான்ஸில் ஓர் உதாரணம் உண்டு. முதல் உலகப் போரில், 1916 ஜூலை 19 அன்று ஃப்ரொமெல் கிராமத்தில் ஒரே இரவில் 5,533 ஆஸ்திரேலியர்கள் இறந்தும் காயம்பட்டும் சிறைப்பட்டும் போனார்கள். அவர்களில் பலரின் கல்லறை எங்கே என்றே தெரியவில்லை. மெல்போர்னைச் சேர்ந்த லாம்பிஸ் எங்லெசோஸ் என்ற ஆசிரியர், ‘அந்தக் காட்டோரம் ஜெர்மானியர்கள் புதைத்திருக்கிறார்கள்’ என்று பல ஆண்டுகள் விடாமல் வாதாடினார். 2007-ல் கிளாஸ்கோ பல்கலைக்கழகக் குழு அங்கே முறைப்படி அனுமதி பெற்று மெட்டல் டிடெக்டர் வைத்துத் தேடியது. கிடைத்தவற்றில் ஒன்று, விக்டோரியா மாநிலத்தின் ஆல்பர்ட்டன் பகுதி மக்கள் தங்கள் ஊர்ப் பையன்களுக்குக் கொடுத்தனுப்பிய பதக்கம். ஜெர்மன் வரிசைக்குப் பின்னால் ஆஸ்திரேலிய ஊர்ப் பதக்கம் எப்படி வரும்?

2009-ல் முழுமையாகத் தோண்டினார்கள். 250 வீரர்களின் உடல்கள். மரபணுச் சோதனையின் உதவியோடு 170-க்கும் மேற்பட்டோருக்குப் பெயர் திரும்பக் கிடைத்திருக்கிறது. ஒருவரிடம் ஃப்ரீமாண்டில்–பெர்த் ரயில் டிக்கெட் மடித்து வைத்தபடி இருந்தது. ஊருக்குத் திரும்புவதற்கான ரிட்டர்ன் பாதி!

யாரோ ஒருவர் பொழுதுபோக்காக வந்து அந்தப் பதக்கத்தைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போயிருந்தால்? பிரான்ஸில் பழம்பொருள் தேட மெட்டல் டிடெக்டரைப் பயன்படுத்த வேண்டுமென்றால் அரசு அனுமதி கட்டாயம் என்று 1989-லேயே சட்டம் வந்ததற்கு நியாயம் இருக்கிறது. இன்னொரு காரணம், உயிர். பழைய குண்டுகளுக்கு வயதானதே தெரியாது. முதல் உலகப் போர்க் குண்டு ஒன்று 2014-ல் பெல்ஜியத்தின் ஈப்ர நகரில் வெடித்து, கட்டுமானத் தொழிலாளிகள் இருவர் இறந்தார்கள். நோவ்கரத் காட்டிலும் டிடெக்டர் கத்தும் ஒவ்வொரு முறையும், கீழே இருப்பது ஹெல்மெட்டாகவும் இருக்கலாம், கண்ணிவெடியாகவும் இருக்கலாம்.

மகனைவிட இளைய அப்பா

பெயர் படிக்கக் கிடைத்துவிட்டால் அடுத்த வேட்டை தொடங்குகிறது. 2007-ல் ரஷ்யப் பாதுகாப்பு அமைச்சகம் யுத்தகால இழப்புப் பதிவேடுகளை இணையத்தில் ஏற்றியதிலிருந்து இது கொஞ்சம் சுலபம். படிவத்தில் உள்ள முகவரியில் இன்று அந்த வீடு இருக்காது. சில நேரம் அந்தக் கிராமமே இருக்காது. உள்ளூர்ப் பத்திரிகை, பழைய பள்ளிப் பதிவேடு, சமூக வலைதளம் என்று ஒவ்வொன்றாகத் தட்டுகிறார்கள். தேடி அடையும்போது மனைவி எப்போதோ போய்ச் சேர்ந்திருப்பார். தொலைபேசியை எடுக்கும் மகனுக்கு 80 வயது கடந்திருக்கும். காட்டில் கிடைத்த அப்பாவுக்கு வயது 30.

மியாஸ்னோய் போர் நினைவிடத்தில் ஆண்டுதோறும் மே மாதம் சிவப்புத் துணி சுற்றிய பெட்டிகள் வரிசையாக இறக்கப்படுகின்றன. ஒவ்வொரு பெட்டியிலும் பலர். பெரும்பாலானோர் பெயரில்லாமலேதான் போகிறார்கள். பெயர் கிடைத்தவரின் குப்பி, கரண்டி, பாதி அரித்த சீப்பு ஆகியவற்றைக் குடும்பத்தின் கையில் ஒப்படைக்கிறார்கள். எலும்புகளைச் சொந்த ஊருக்கு எடுத்துப் போவதா, கூட விழுந்தவர்களோடு அங்கேயே விடுவதா என்பதைக் குடும்பத்திடமே கேட்கிறார்கள்.