சந்தாப் பைக்குப் பங்கு போடலாமா?

"அண்ணே, வாராவாரம் வீட்டுக்கே நஞ்சில்லாக் காய்கறிப் பை. மாசச் சந்தா. நீங்களும் ஒரு பங்கு போடுங்க" என்று யாராவது தோட்டம் தேடி வந்தால் என்ன சொல்வது?

நல்ல யோசனைதான். அய்யலூர் தக்காளியும் ஒட்டன்சத்திரம் முருங்கையும் இன்னிக்கு ஒரு விலை, நாளைக்கு ஒரு விலை. முன்கூட்டியே விலை பேசி வாங்கும் வீடுகள் இருந்தால் நமக்கு நிம்மதி. ஆனா, "எத்தனை பேர் சேர்ந்தாங்க"ன்னு மட்டும் கேக்காதீங்க. "எத்தனை பேர் நின்னாங்க"ன்னு கேளுங்க.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாதச் சந்தா ரூ.1,000 என்று வைத்துக்கொள்வோம். உழவருக்கு ரூ.600; வண்டி, ஆள்கூலி, கழிவு ரூ.300. மிச்சம் ரூ.100. புதிதாக ஒரு குடும்பத்தைச் சேர்க்க நோட்டீஸ், இலவசப் பை, தள்ளுபடி என ரூ.500 செலவு. ஐந்து மாதம் நின்றால்தான் அந்தச் செலவே திரும்பும்.

மாதாமாதம் நூற்றுக்குப் பத்துப் பேர் விலகினால், ஒரு குடும்பம் சராசரியாகப் பத்து மாதம் நிற்கும், ரூ.500 லாபம். இருபத்தைந்து பேர் விலகினால் நான்கே மாதம், ரூ.100 நட்டம். அப்போ ஆள் சேரச் சேர நட்டமும் கூடும்!

அமெரிக்காவில் 2012-ல் தொடங்கிய புளூ ஏப்ரன், சமையலுக்கு அளந்து கட்டிய பொருட்களைச் சந்தாவுக்கு அனுப்பியது. 2017-ல் பங்குச்சந்தைக்கு வந்தபோது அதன் மதிப்பு சுமார் 190 கோடி டாலர். விளம்பரத்துக்கும் தள்ளுபடிக்கும் கொட்டிச் சேர்த்தவர்களில் பலர் நிலைக்கவில்லை. 2023-ல் சுமார் 10 கோடி டாலருக்குக் கைமாறியது.

ஜப்பானில் 1970-களில் வளர்ந்த 'தெய்க்கெய்' முறை வேறு மாதிரி. உழவரும் குடும்பங்களும் நேரடியாகப் பேசி விலை வைத்தார்கள், விளைந்ததை வாங்கிக்கொண்டார்கள், தோட்ட வேலைக்கும் கைகொடுத்தார்கள். அங்கே ஆளை நிறுத்தி வைத்தது தள்ளுபடி இல்லை, உறவு.

ஆகவே, பணம் போடுமுன் மூன்றைப் பாருங்கள். ஒன்று, சந்தா நோட்டு: தையில் சேர்ந்த நூறு பேரில் ஆடியில் பை வாங்குவது எத்தனை பேர்? இரண்டு, முன்பணம்: ஆண்டுச் சந்தாவாக வாங்கிய தொகை லாபமல்ல, காய் கொடுத்துத் தீர்க்க வேண்டிய கடன். மூன்று, மழை பொய்த்தால் நட்டம் யார் தலையில்?

நோட்டைக் காட்டத் தயங்குறாங்களா? காயை மட்டும் குடுங்க, அதுவும் ரொக்கத்துக்கு. காசைப் போடாதீங்க.