உசாத்துணை தேடுவோர்க்கு

ஒரு நூல் நிலையத்தின் தரத்தை அறிய விரும்புவோர் அதன் உசாத்துணைப் பகுதியையே முதலிற் பார்த்தல் வேண்டும். அகராதியும் கலைக்களஞ்சியமும் பழம் பத்திரிகைத் தொகுதிகளும் இரவல் கொடுக்கப்படாதவை. இருந்த இடத்திலேயே இருந்து உதவுபவை. அவற்றை நாடி வரும் மாணவர்க்கென எங்கள் ஊர் நூலகர் சில இணையத்தளங்களின் பெயர்களை எழுதி அறிவித்தற் பலகையில் ஒட்டியிருக்கிறார். ஆசிரியர்களும் சற்று நின்று படிக்கத்தக்க பட்டியல் அது.

முதலிடம் பெற்றிருப்பது 2005 ஆம் ஆண்டில் தொடங்கிய 'நூலகம்' எண்ணிம நூலகம். அதன் அருமையை யாழ்ப்பாணத்தார்க்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. 1981 ஜூன் மாதத் தொடக்கத்தில் எமது பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறக்குறைய 97,000 நூல்களும் ஏட்டுச்சுவடிகளும் சாம்பராயின. ஒரே பிரதியாய் இருந்தவை மீண்டு வரமாட்டா. ஆயின், வீட்டுப் பெட்டகங்களிலும் பாடசாலை அலுமாரிகளிலும் தப்பிக் கிடந்தவை பலவற்றை அன்பர்கள் தேடியெடுத்துப் படம் பிடித்து இத்தளத்தில் ஏற்றியுள்ளனர். சுன்னாகத்திலிருந்து 1930 முதல் வெளிவந்த 'ஈழகேசரி', டொமினிக் ஜீவா 1966 இல் தொடங்கிய 'மல்லிகை', பாடசாலை மலர்கள், கோயிற் கும்பாபிஷேக மலர்கள், இறந்தோர் நினைவாக வெளியிடப்படும் 'கல்வெட்டு'க்கள் எல்லாம் ஆங்கு உண்டு. பழைய இதழ்களிற் கட்டுரையை விட விளம்பரங்களே என்னை அதிக நேரம் பிடித்து வைப்பன என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஊர் வரலாறு எழுதுவோர்க்குக் கல்வெட்டுக்களைப் போன்ற துணை வேறில்லை; பண்டிதர்கள் அவற்றை இலக்கியமாக எண்ணாவிடினும், யார் எங்கே படித்தார், எத்தொழில் செய்தார் என்பன வேறெங்கும் எழுதப்படவில்லை.

அடுத்தது சிக்காகோப் பல்கலைக்கழகத்தின் அகராதித் தளம். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாகவும் 1939 இல் அநுபந்தமாகவும் வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி ஆங்கே முழுமையாக உள்ளது. 1862 இல் வெளிவந்த வின்சுலோவின் அகராதியும் உடனுள்ளது. வின்சுலோ உடுவிலிலே பணியாற்றியவர்; அவ்வகராதிக்கான சொற்றொகுப்பு யாழ்ப்பாணத்திலேதான் தொடங்கிற்று. பேரகராதியோ அதனையே அடித்தளமாகக் கொண்டு எழுந்தது. ஆகவே எமது பேச்சுவழக்குச் சொற்கள் பல யாழ்ப்பாண வழக்கு என்னும் குறிப்போடு அதில் இடம் பெற்றிருத்தல் வியப்பன்று. பரீட்சைத் தாளிலே அத்தகைய சொல்லைக் கண்டவுடன் சிவப்பு மையாற் சுழிக்கும் ஆசிரியர்கள் ஒருமுறை தேடிப்பார்த்தல் நன்று.

பெ. தூரன் தலைமையில் 1954 தொடங்கி வெளிவந்த பத்துத் தொகுதிக் கலைக்களஞ்சியம் தமிழ் இணையக் கல்விக்கழகத் தளத்திற் படிக்கக் கிடைக்கிறது. அதன் விஞ்ஞானச் செய்திகள் பல பழையனவாகிவிட்டன. நடையோ இன்றும் படிக்க இனியது. சங்க நூல்களின் மூலம் வேண்டுவோர்க்கு 1998 இல் தொடங்கிய மதுரைத் திட்டம் போதும்.

தமிழ் விக்கிப்பீடியாவைப் பட்டியலில் சேர்த்தது தகுமா என்று சில ஆசிரியர்கள் கேட்கின்றனர். தகும் என்பதே என் கருத்து. 2003 இல் தோன்றிய அதனை வளர்த்தவர்களுள் முதன்மையானவர் யாழ்ப்பாணத்தவராகிய மயூரநாதன். இன்று ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்ட கட்டுரைகள் உள. எவரும் திருத்தக்கூடியது ஆதலால், கட்டுரையின் அடியிலுள்ள சான்றுகளைப் பாராமற் பார்த்தெழுதும் மாணவனுக்குப் புள்ளி குறைத்தல் முறையே. அதற்காகத் தளத்தையே விலக்குதல் முறையன்று.

தேடுவோர்க்கு ஓர் எச்சரிக்கை. படமாக ஏற்றப்பட்ட பழந்தாள்கள் பலவற்றின் உள்ளே சொல்லைத் தேட இயலாது. தலைப்பாலும் ஆசிரியர் பெயராலுமே அணுகல் வேண்டும். 1902 இல் 'அபிதான கோசம்' தந்த மானிப்பாய் முத்துத்தம்பிப்பிள்ளையின் பெயரில் ஓர் ஒற்றெழுத்து விடுபட்டாலும் கணினி கைவிரித்துவிடுதல் கூடும். கிடைக்கவில்லையென்று திரும்பு முன் ஒற்றிட்டும் ஒற்றின்றியும் இருமுறை தேடுக.