எந்த எஞ்சின்? விடையைச் சாலையிடமும் தவணையிடமும் கேட்போம்

புதிய கார் வாங்க முடிவு செய்தபின் இருக்கை உறை, இசைக்கருவி, சக்கரங்களின் அழகு ஆகியவற்றைப் பற்றிக் குடும்பமே கூடி விவாதிக்கிறது. இவையெல்லாம் பின்னாளில் மாற்றிக்கொள்ளக்கூடியவை. மாற்றிக்கொள்ள இயலாதது எஞ்சின். கடன் தீரும் வரையிலும், அதன் பிறகும், எரிபொருள், காப்பீடு, பராமரிப்பு என ஒவ்வொரு செலவையும் அதுவே தீர்மானிக்கிறது. ஆயினும் அந்த முடிவு பெரும்பாலும் விற்பனை நிலையத்தில், பத்து நிமிடச் சோதனை ஓட்டத்தின் உற்சாகத்தில் எடுக்கப்பட்டுவிடுகிறது.

ஹைதராபாத்தின் வடகிழக்கில் உள்ள ஏ.எஸ்.ராவ் நகர், இந்திய மின்னணுக் கழகமான இ.சி.ஐ.எல். நிறுவனத்தைக் கட்டியெழுப்பிய டாக்டர் ஏ.எஸ்.ராவ் அவர்களின் பெயரைத் தாங்கிய குடியிருப்பு. பொறியாளர்களும் ஓய்வூதியர்களும் மென்பொருள் துறையினரும் அடுத்தடுத்த வீடுகளில் வாழும் பகுதி. தமிழ்க் குடும்பங்களும் இங்கே உண்டு. இங்கிருந்து வாகனக் கடன் கேட்டு வரும் இளைஞர்களிடம் அண்மைக் காலமாக ஒரு கேள்வியை அடிக்கடி கேட்கிறோம்: ‘ஸ்போர்ட்ஸ் ரகக் காரில் சிறிய டர்போ எஞ்சின் போதுமா, பெரியதற்குக் கூடுதலாகக் கொடுக்கலாமா?’ இக்கேள்விக்கு விடை காணும் முறையை இக்கட்டுரையில் காண்போம். இங்கு குறிப்பிடப்படும் கார்களின் பெயர்கள் விளக்கத்துக்கு மட்டுமே, பரிந்துரை அல்ல.

ஒரே உடல், இரண்டு எஞ்சின்கள்

இரண்டு கதவுகள் கொண்ட உண்மையான ஸ்போர்ட்ஸ் கார்கள் நம் நாட்டில் மிகச் சிலருக்கே எட்டுபவை. மாதச் சம்பளக்காரர் அந்த ஆசையை நிறைவேற்றிக்கொள்வது வேகத் தன்மை கூட்டப்பட்ட செடான் கார்களில்தான். 2022 ஜூன் மாதம் அறிமுகமான ஃபோக்ஸ்வேகன் விர்டஸ் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதில் இரண்டு பெட்ரோல் எஞ்சின்கள். ஒன்று 999 சி.சி. அளவுள்ள மூன்று சிலிண்டர் டர்போ. 115 குதிரைத்திறன், 178 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை. மற்றொன்று 1498 சி.சி. அளவுள்ள நான்கு சிலிண்டர் டர்போ. 150 குதிரைத்திறன், 250 நியூட்டன் மீட்டர்.

முறுக்கு விசை என்பது சக்கரத்தைச் சுழற்றும் இழுவை. குதிரைத்திறன் என்பது அவ்வேலை எத்தனை விரைவில் முடிகிறது என்பதன் அளவு. ஐந்து பேரும் பெட்டிகளும் ஏறிய காரை மேம்பாலத்தில் ஏற்றும்போதும், நீண்ட லாரியை முந்தும்போதும் நாம் உணர்வது முதன்மையாக முறுக்கு விசையையே. நான்கு சிலிண்டர் எஞ்சினில் அதிர்வும் குறைவு.

எரிபொருள் விஷயத்தில் ஒரு வியப்பு உண்டு. அறிமுகத்தின்போது அளிக்கப்பட்ட அதிகாரப்பூர்வ மைலேஜ், சிறிய எஞ்சினின் தானியங்கி கியர் வகைக்கு லிட்டருக்கு 18.12 கி.மீ.; பெரிய எஞ்சினின் இரட்டை கிளட்ச் வகைக்கு 18.67 கி.மீ. பெரிய எஞ்சினில், சுமை குறைவாக இருக்கும்போது நான்கில் இரண்டு சிலிண்டர்கள் தாமாகவே ஓய்வெடுக்கும் ஏற்பாடு உண்டு என்பதும், கியர்பெட்டியின் வகை வேறு என்பதும் இதற்குக் காரணங்கள். ஆனால் இந்த ஓய்வு சீரான வேகத்தில் கிடைப்பது. நின்று நின்று நகரும் நெரிசலில் அதற்கு வாய்ப்புக் குறைவு. ஆகவே ஆய்வகத்து மைலேஜை அன்றாடக் கணக்குக்கு அப்படியே எடுத்துக்கொள்ள இயலாது.

சென்னை தந்த பாடம்

உடலுக்கு ஏற்ற எஞ்சின் அமையாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குச் சென்னையிலேயே சான்று உண்டு. ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1985-இல் ‘ஸ்டாண்டர்டு 2000’ என்ற காரை வெளியிட்டது. அதன் உடல், பிரிட்டனில் எட்டு சிலிண்டர் எஞ்சினுடன் புகழ்பெற்ற ரோவர் எஸ்.டி.1 காருடையது. இங்கோ அதற்குள் பொருத்தப்பட்டது, பழைய வான்கார்டு காரின் வழிவந்த 1991 சி.சி. எஞ்சின். தோற்றம் பெரிது, விலையும் பெரிது. ஓட்டமோ அதற்கு ஈடாக இல்லை. சில ஆண்டுகளிலேயே உற்பத்தி நின்றது. வெளித்தோற்றத்துக்குக் கொடுக்கும் விலையில் எஞ்சினின் தகுதியையும் எடைபோட வேண்டும் என்பது இதன் பாடம்.

அதே வேளையில், இன்றைய சிறிய எஞ்சின்களை அந்நாளைய கண்ணோடு பார்க்கலாகாது. ஸ்டாண்டர்டு 2000 ஏறத்தாழ இரண்டு லிட்டர் எஞ்சினில் எட்டாத ஆற்றலை, இன்று ஒரு லிட்டர் டர்போ எஞ்சின் எளிதில் தாண்டுகிறது.

சாலை கேட்பது என்ன?

ஏ.எஸ்.ராவ் நகரிலிருந்து ஹைடெக் சிட்டிக்கு நாள்தோறும் செல்பவர், சைனிக்புரி, நேரேட்மெட், செகந்திராபாத் எனக் குறுக்காக நகரையே கடக்கிறார். போகவர ஏறத்தாழ 60 கி.மீ. பயணத்தின் பெரும்பகுதி முதல் மூன்று கியர்களிலேயே கழிகிறது. அங்கே 115 குதிரையும் 150 குதிரையும் ஒரே சிக்னலில் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் நிற்கின்றன.

கீசரா வழியே 158 கி.மீ. நீளமுள்ள வெளிவட்டச் சாலையில் ஏறினால் நிலைமை மாறும். ஆனால் அங்கும் சட்டம் அனுமதிக்கும் உச்ச வேகம் மணிக்கு 120 கி.மீ. அவ்வேகத்தை இரண்டு எஞ்சின்களும் எட்டும். எனவே பெரிய எஞ்சினுக்கு நாம் கொடுக்கும் கூடுதல் பணம் உச்ச வேகத்துக்கானது அன்று. அந்த வேகத்தைச் சிரமமின்றி விரைந்து எட்டுவதற்கானது. சென்னைக்குச் சுமார் 630 கி.மீ. தூரத்தைக் குடும்பத்துடன் அடிக்கடி ஓட்டிச் செல்பவருக்கு இது பாதுகாப்பும் ஆகும். முந்தும் நேரம் குறைகிறது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மட்டும் செல்பவருக்கு அதன் பயன் ஆண்டில் சில நாட்களே.

டீசல் எஞ்சினையும் இதே அளவுகோலால் அளக்கலாம். காஞ்சிபுரம் மாவட்டத்து இருங்காட்டுக்கோட்டையில் தயாராகும் ஹூண்டாய் க்ரெட்டாவின் டீசல் எஞ்சின் 250 நியூட்டன் மீட்டர் தருகிறது, நெடுஞ்சாலைக்குச் சிக்கனமானது. ஆனால் இன்றைய டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி உண்டு. அது தன்னைத் தானே எரித்துத் தூய்மை செய்துகொள்ள, அவ்வப்போது சற்று நீண்ட, விரைவான ஓட்டம் தேவை. கமலாநகர்ச் சந்தைக்கும் பள்ளிக்கும் மட்டுமே ஓடும் காருக்கு டீசல் பொருந்தாது.

முழுக் கணக்கு

இனி வங்கியின் கண்ணோட்டத்துக்கு வருவோம்.

முதலாவது, வரி. 2025 செப்டம்பர் 22 முதல் நடைமுறையில் உள்ள சரக்கு, சேவை வரியின்படி, 4 மீட்டருக்கு மேற்படாத நீளமும் 1200 சி.சி.க்கு மேற்படாத பெட்ரோல் எஞ்சினும் உள்ள கார்களுக்கு 18 சதவீதம். ஏனைய பெட்ரோல் கார்களுக்கு 40 சதவீதம். விர்டஸின் நீளம் 4.56 மீட்டர் என்பதால் எந்த எஞ்சின் ஆயினும் 40 சதவீதமே. 3.995 மீட்டர் நீளமும் 998 சி.சி. டர்போ எஞ்சினும் கொண்ட ஹூண்டாய் ஐ20 என் லைன், 120 குதிரைத்திறன் தந்தும் 18 சதவீத வரிக்குள் அடங்குகிறது. வேகத்தை விரும்பி, வரியையும் குறைக்க எண்ணுவோர் கவனிக்க வேண்டிய வகை இது. தெலங்கானாவின் ஆயுட்கால வரியோ காரின் விலையை ஒட்டிப் படிப்படியாக உயர்கிறது. எஞ்சினுக்கான கூடுதல் விலை, காரை அடுத்த வரிப்படிக்குத் தள்ளிவிடுகிறதா என்று கேட்டறிய வேண்டும்.

இரண்டாவது, காப்பீடு. மூன்றாம் நபர் காப்பீட்டுக் கட்டணம் எஞ்சின் அளவைப் பொறுத்தது. 2022 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த கட்டணப்படி, புதிய காருக்கான மூன்றாண்டுக் கட்டணம் 1000 சி.சி. வரை ரூ.6,521, 1000-க்கு மேல் 1500 சி.சி. வரை ரூ.10,640; அதற்கும் மேல் ரூ.24,596. 999 என்ற எண் தற்செயலானதன்று என்பது இப்போது விளங்கும்.

மூன்றாவது, எரிபொருள். நகர நெரிசலில் சிறிய எஞ்சின் லிட்டருக்கு 14 கி.மீ., பெரியது 12 கி.மீ. தருவதாகவும், பெட்ரோல் விலை லிட்டருக்கு ரூ.107 எனவும் கணக்குக்காகக் கொள்வோம். மாதம் 22 நாட்கள், நாளொன்றுக்கு 60 கி.மீ. எனில் 1,320 கி.மீ. வேறுபாடு சுமார் 16 லிட்டர். ரூபாயில் ஏறத்தாழ 1,680. மாதம் 300 கி.மீ. மட்டும் ஓட்டும் ஓய்வூதியருக்கு இவ்வேறுபாடு 380 ரூபாய்தான்.

நான்காவது, தவணை. இரு வகைகளுக்கும் இடையே சாலைக்கு வரும் விலையில் 3 இலட்சம் ரூபாய் வேறுபாடு எனக் கொள்வோம். 9 சதவீத வட்டியில் 5 ஆண்டுக் கடனானால், அந்த 3 இலட்சத்துக்கு மட்டும் மாதம் ரூ.6,228.

இவற்றைக் கூட்டினால், ஹைடெக் சிட்டிக்குச் செல்பவருக்குப் பெரிய எஞ்சினின் கூடுதல் சுமை மாதம் ஏறத்தாழ 8,000 ரூபாய். ஆண்டுக்கு 96,000 ரூபாய். இந்தத் தொகைக்கு ஈடான மகிழ்ச்சியோ பயனோ உண்டா என்பதே உண்மையான கேள்வி. ‘உண்டு’ என்பவர் தயங்க வேண்டியதில்லை. விருப்பத்துக்குச் செலவிடுவது குற்றமன்று. விருப்பத்தைத் தேவை என்று பெயரிட்டுக் கடனை நீட்டிப்பதுதான் தவறு.

நீளும் தவணை

அந்த நீட்டிப்பு நடப்பது இப்படி: 5 ஆண்டுகளை 7 ஆக்கினால் 3 இலட்சத்துக்கான தவணை ரூ.4,827 ஆகக் குறையும். ‘மாதம் ஐயாயிரம்கூட இல்லை’ என்று தோன்றும். ஆனால் செலுத்தும் வட்டி சுமார் ரூ.73,700-இலிருந்து ரூ.1,05,400 ஆக உயர்ந்துவிடும். இதைவிடக் கவனிக்க வேண்டியது வேறொன்று. காப்பீட்டில் காரின் மதிப்பு நான்கு ஆண்டுகள் முடிந்தபின் பாதியாகக் கணக்கிடப்படுகிறது. பதிவு, காப்பீட்டுச் செலவுகள் அதில் சேர்வதில்லை. 7 ஆண்டுக் கடனிலும் அதே நேரத்தில் பாதிக்குச் சற்று மேல் நிலுவை இருக்கும். சாலைக்கு வரும் முழு விலைக்கும் கடன் பெற்றவரின் கார் அப்போது திருடு போனாலோ முற்றிலும் சேதமடைந்தாலோ, இழப்பீடு கடனைத் தீர்க்கப் போதாது. கார் இல்லாமல் தவணை மட்டும் தொடரும்.

ஆகவே நாம் கூறும் விதி எளிது: பெரிய எஞ்சினின் கூடுதல் விலையை முன்பணத்திலிருந்து கொடுக்க இயன்றால் வாங்குக, கடன் காலத்தை நீட்டித்தால்தான் இயலும் எனில் சிறியதே உங்களுக்கு உரிய எஞ்சின்.

பிறகு கூட்டிக்கொள்ளலாமா?

சிறிய எஞ்சினை வாங்கி, வெளியில் மென்பொருளை மாற்றி ஆற்றலைக் கூட்டும் வழக்கம் இளைஞர்களிடையே உள்ளது. தயாரிப்பாளரின் உத்தரவாதம் இதனால் இழக்கப்படலாம். விபத்தின்போது காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை மறுக்கவும் இடமுண்டு. பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்களுக்கு முரணாக வாகனத்தை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடை செய்கிறது. கடன் தீரும்வரை அச்சான்றிதழில் வங்கியின் பெயரும் இருக்கிறது என்பதை மறக்கலாகாது.

எஞ்சினே இல்லாத மூன்றாம் வழியும் உண்டு. மின்சாரக் கார்களுக்குச் சரக்கு, சேவை வரி 5 சதவீதமே. தெலங்கானாவில் 2026 டிசம்பர் 31 வரை சாலை வரி விலக்கும் உள்ளது. ஆயினும் மின்வாகனக் கடன் வட்டிக்கான வருமான வரிச் சலுகை, 2023 மார்ச் 31 வரை அனுமதிக்கப்பட்ட கடன்களுக்கு மட்டுமே உரியது.

கையொப்பத்துக்கு முன்

சென்ற மூன்று மாதங்களில் நீங்கள் ஓட்டிய கிலோமீட்டரை நகரம், நெடுஞ்சாலை எனப் பிரித்து எழுதுங்கள். இரண்டு எஞ்சின்களையும் ஒரே நாளில், குடும்பத்தினர் அமர்ந்திருக்க, நீங்கள் வழக்கமாகச் செல்லும் நேரத்தில், வழக்கமான சாலையில் ஓட்டிப் பாருங்கள். இரு வகைகளுக்கும் சாலைக்கு வரும் விலையை எழுத்தில் பெறுங்கள். வேறுபாட்டுத் தொகைக்கான தவணையைத் தனியே கணக்கிடச் சொல்லுங்கள். மொத்தத் தவணையில் அது மறைந்துவிடும். தவணை போக, ஆறு மாதக் குடும்பச் செலவுக்கான சேமிப்பு கையில் நிற்கிறதா என்று பாருங்கள்.

இந்தத் தாளுடன் உங்கள் கிளைக்கு வாருங்கள். இரு கணக்குகளையும் அருகருகே இட்டுக் காட்டுவது நம் கடமை. முடிவு உங்களுடையது.