கணுக்காற் சுளுக்கு

கிருலப்பனை ஹைலெவல் வீதியிற் பேருந்திலிருந்து இறங்கும் ஒருவரின் பாதம் நடைபாதை விளிம்பிற் பட்டு உட்புறமாகப் புரண்டால், வெளிக்கணுவின் கீழ் நோவும் வீக்கமும் தோன்றும். இதனையே சுளுக்கு என்பர். விளையாட்டு மைதானத்தில் மட்டுமே இது நேரும் என்று எண்ணுதல் பொருந்தாது.

இறங்கும்பொழுது கால்விரல்கள் கீழ்நோக்குகின்றன. அந்நிலையில் மூட்டின் குழிக்குள் அமைவது கணு என்பின் ஒடுங்கிய பின்பகுதி. ஆதலின் மூட்டுத் தளர்கின்றது. பாதம் புரளவே, என்புகளைப் பிணைக்கும் வெளிப்புற நார்கள் இழுபடுகின்றன. அவற்றுள் முன்புறம் அமைந்த மெல்லிய நாரே பெரும்பாலும் முதலிற் கிழிவது. உட்புற நார் வலிமை மிக்கது.

நேர்ந்தது சுளுக்கா, முறிவா? வீக்கத்தின் பருமனைக் கொண்டு இதனைத் துணிதல் இயலாது. கனடாவின் ஒட்டாவா நகரில் இயன் ஸ்டீல் என்னும் மருத்துவரும் அவர்தம் குழுவினரும் 1992 இல் எளிய விதியொன்றை வெளியிட்டனர். கணுப்பகுதியில் நோவுள்ளவர், காயமுற்றவுடனும் பரிசோதனையின்போதும் நான்கு அடி நடக்க இயலாதிருப்பின் எக்ஸ்-கதிர்ப் படம் வேண்டும். இரு கணுக்களுள் ஒன்றன் நுனியையோ, பின்விளிம்பின் கீழ் 6 சென்ரிமீற்றர்ப் பகுதியையோ அழுத்துகையில் என்பில் நோவெடுப்பினும் அவ்வாறே. நொண்டி நடப்பதும் நடையே. நீரிழிவாற் பாத உணர்ச்சி குன்றியோர் மட்டும் நோவின்மையை நம்பி வாளாவிருத்தல் ஆகாது.

எண்ணெய் பூசி உருவுதல் பல வீடுகளில் நிலவும் வழக்கம். முதற் சில நாள்களில் வன்மையாக உருவினால் உள்ளே இரத்தக் கசிவும் வீக்கமும் மிகும். முறிவு மறைந்திருப்பின் கேடு பெரிது. ஓய்வு, பனிக்கட்டி, அழுத்தக்கட்டு, காலை உயர்த்தி வைத்தல் என்னும் நான்கையும் 1978 இல் ஒரு சூத்திரமாக்கியவர் அமெரிக்க மருத்துவர் கேப் மர்க்கின். பனிக்கட்டியும் முழு ஓய்வும் குணமடைதலைத் தாமதிக்கச் செய்யலாம் எனப் பின்னர் அவரே கருத்தை மாற்றிக்கொண்டார். பனிக்கட்டி நோவைத் தணிக்கும். அதற்குமேல் அதனிடம் எதிர்பார்த்தல் வேண்டா. முறிவு இல்லையெனத் தெரிந்தபின், கட்டின் துணையோடு நோவு பொறுக்குமளவு காலூன்றி நடத்தலே நன்று.

நோவு நீங்கியதும் காரியம் முடிந்ததெனப் பலர் மைதானத்துக்குத் திரும்புகின்றனர். பாதத்தின் நிலையை மூளைக்கு உணர்த்தும் நரம்பு முனைகளும் அந்நார்களிலேயே உள்ளன. நார் கிழியும்போது அவ்வுணர்வும் குன்றுகின்றது. அதே கால் மீண்டும் மீண்டும் சுளுக்குவதற்கு இதுவும் ஒரு காரணம். நாள்தோறும் ஒற்றைக்காலில் நின்று சமநிலை பழகினால் அவ்வுணர்வு படிப்படியாக மீளும்; பல் துலக்கும் நேரமே அதற்குப் போதும். கண்ணை மூடி நிற்பது அடுத்த படி. வலைப்பந்து, கரப்பந்து ஆடுவோர், ஒருமுறை சுளுக்கிய காலுக்குச் சில மாதங்கள் கணுக்கால் உறை அணிந்து ஆடுதல் தகும்.