எருப் போட்டுக் கொன்ற செடி

குன்னூரில் எங்கள் வீட்டு ஜன்னலோரம் இருந்த வீனஸ் ஈப்பொறிச் செடியை நான்தான் கொன்றேன். வாடலாகத் தெரிகிறதே என்று, ரோஜாவுக்குப் போடுகிற மக்கிய சாணத்தில் ஒரு கைப்பிடி அள்ளி வைத்தேன். இரண்டே வாரத்தில் வேர் கருகிவிட்டது.

அதன் பூர்வீகம் தெரிந்திருந்தால் கை நீண்டிருக்காது. அமெரிக்காவின் வட, தென் கரோலினா கடலோரச் சமவெளி. வில்மிங்டன் நகரைச் சுற்றிச் சுமார் 150 கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். அங்கே ஈரமும் வெயிலும் ஏராளம். தழைச்சத்தும் மணிச்சத்தும் மருந்துக்குக்கூடக் கிடையாது. மண் தராததைச் செடி பூச்சியிடம் பிடுங்கிக்கொள்கிறது.

பிடுங்கும் விதம்தான் அழகு. இலையின் இரு மடல்களுக்குள்ளும் பெரும்பாலும் மும்மூன்று நுண்மயிர்கள். ஒரு முறை தொட்டால் ஒன்றும் நடக்காது. விழுந்தது தூசியாகக்கூட இருக்கலாமே! சுமார் 20 விநாடிக்குள் மறுபடி தொட்டால், கண் இமைப்பதற்குள் மடல்கள் மூடிக்கொள்ளும். அப்போதும் செரிமான நீர் சுரக்காது. மாட்டிக்கொண்டது துள்ளித் துள்ளி மயிர்களை இடிக்க வேண்டும். ஐந்தாவது தொடுகையை ஒட்டித்தான் சுரப்பிகள் வேலையைத் தொடங்குகின்றன என்று 2016-இல் ஜெர்மனியின் வுர்ட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் ரெய்னர் ஹெட்ரிக் குழுவினர் காட்டினார்கள். தப்பிக்கத் துடிக்கிற பூச்சி தனக்கே உலை மூட்டிக்கொள்கிறது.

சரி, செடிக்கு வயிறு எங்கிருந்து வந்தது? வீட்டிலிருந்த ஆயுதங்களையே அடுப்பங்கரைக்குக் கொண்டுவந்துவிட்டது. தக்காளி இலையைப் புழு கடித்தால் செடிக்குள் ஜாஸ்மோனிக் அமிலம் ஏறும். எதிர்ப்புப் புரதங்களைத் தயாரிக்கச் சொல்லும் அபாய மணி அது. ஈப்பொறியில் அதுவே சாப்பாட்டு மணி. பூஞ்சையின் சுவரிலுள்ள கைட்டினை உடைக்கச் சாதாரணச் செடிகளும் கைட்டினேஸ் நொதியை வைத்திருக்கின்றன. பூச்சியின் ஓட்டிலும் கைட்டின்தான் இருக்கிறது! வேலி பயிரை மேய்ந்த கதை கேட்டிருக்கிறோம். இங்கே பயிரின் வேலி ஆட்டையே மேய்ந்துவிட்டது.

பூச்சி தின்னும் இந்தப் பழக்கம் தாவர உலகில் தனித்தனியாகப் பலமுறை தோன்றியிருக்கிறது. ஆசியா, ஆஸ்திரேலியா, அமெரிக்கா என மூன்று இடத்துக் குடுவைச் செடிகளுக்குள் நெருங்கிய உறவே இல்லை. ஆனால் மூன்றும் செரிப்பதற்கு ஒரே வகைப் புரதங்களைத்தான் எடுத்துக்கொண்டிருக்கின்றன.

பிறகு ஏன் எல்லாச் செடியும் வேட்டைக்குப் போகவில்லை? பொறியாக மாறிய இலை வெயிலில் உணவு தயாரிப்பதில் மட்டம். சத்துள்ள மண்ணில் பக்கத்துப் புல்லே அதை நிழலில் தள்ளிவிடும். ஈப்பொறியின் பங்காளியான ட்ரொசெரா எங்கள் நீலகிரியிலும் உண்டு. அதுவும் ஈரமான, சத்தில்லாத மண்ணில்தான். குனிந்து பார்த்தால் இலை மயிர் ஒவ்வொன்றின் நுனியிலும் பசைத்துளி மின்னும்.

இப்போது ஜன்னலோரம் இன்னொரு ஈப்பொறி. மழைநீர் மட்டும்தான் கொடுக்கிறேன். போன மாதம் பூத்தது. பொறிகள் தரையோடு கிடக்க, பூந்தண்டு மட்டும் ஒரு சாண் உயரத்துக்குத் தள்ளி நின்றது. மகரந்தம் கொண்டுவரும் வண்டை வாயில் போட்டுக்கொள்ளக் கூடாதே!