80-க்கு ஒன்று குதிரை ஜெயித்தது எப்படி? - ரேஸ் கணக்குப்பிள்ளைகளின் 'சக்தி' சூத்திரம்!

2022 மே 7. அமெரிக்காவின் லூயிவில் நகரில் உள்ள சர்ச்சில் டவுன்ஸ் மைதானத்தில் கென்டக்கி டெர்பி. மொத்தம் 20 குதிரைகள். அவற்றில் 'ரிச் ஸ்ட்ரைக்' என்ற குதிரைக்கு முந்தின நாள் காலை வரை பந்தயத்தில் இடமே இல்லை. வேறொரு குதிரை விலகிக்கொண்டதால் கடைசி நேரத்தில் உள்ளே வந்தது. முந்தைய ஆண்டு வெறும் 30,000 டாலருக்குக் கைமாறிய குதிரை அது. ஜெயிக்கும் வாய்ப்பு 80-க்கு ஒன்று என்றுதான் பந்தயம் கட்டியவர்கள் மதிப்பிட்டிருந்தார்கள்.

அதுதான் ஜெயித்தது. அதன்மேல் 2 டாலர் கட்டியவருக்குக் கிடைத்தது 163 டாலர் 60 சென்ட்!

'எல்லாம் அதிர்ஷ்டம்' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால், கடிகாரம் வேறு கதை சொல்கிறது. அன்று முதல் கால் மைலை முன்வரிசைக் குதிரை கடந்த நேரம் 21.78 விநாடி. டெர்பி 1875-லிருந்து நடக்கிறது. அவ்வளவு வேகமான தொடக்கம் அதில் இருந்ததே இல்லை. அரை மைல் 45.36 விநாடி. ஓட வேண்டிய மொத்த தூரமோ ஒன்றேகால் மைல், அதாவது சுமார் 2 கிலோமீட்டர். அப்படிப் பறந்த 'சம்மர் இஸ் டுமாரோ' கடைசியில் எத்தனையாவதாக வந்தது தெரியுமா? இருபதாவது! முன்னால் மல்லுக்கட்டிய குதிரைகள் தளர்ந்து வழிவிட, பின்னால் சாவகாசமாக வந்துகொண்டிருந்த ரிச் ஸ்ட்ரைக் உள்வேலியை ஒட்டிப் புகுந்து முந்தியது. வெற்றி நேரம் 2 நிமிடம் 2.61 விநாடி, சாதனை ஒன்றும் இல்லை. அதன்பிறகு அந்தக் குதிரை ஒரு பந்தயத்தில்கூட ஜெயிக்கவில்லை என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அன்றைக்கு ஜெயித்தது குதிரையா, மற்றவர்களின் அவசரமா என்று கேட்கத் தோன்றுகிறது.

இந்தக் கேள்வியை வைத்துத்தான் 'பேஸ்', 'எனர்ஜி' ரேட்டிங் போடுகிறவர்களின் பிழைப்பே ஓடுகிறது. அவர்கள் பார்ப்பது ஒரு குதிரை எவ்வளவு வேகமாக ஓடியது என்பதை மட்டுமல்ல; தன் சக்தியை எங்கே செலவழித்தது என்பதை.

ஓர் உதாரணம். ஆறு பர்லாங், அதாவது 3,960 அடி தூரப் பந்தயம். இரண்டு குதிரைகளும் வெவ்வேறு நாளில் ஓடி, ஒரே நேரத்தில், 70 விநாடியில் முடித்திருக்கின்றன. முதல் குதிரை நான்கு பர்லாங்கை 45 விநாடியில் கடந்தது. விநாடிக்கு 58.7 அடி. மிச்சமிருந்த இரண்டு பர்லாங்குக்கு 25 விநாடி, வேகம் 52.8 அடியாக இறங்கிவிட்டது. இரண்டாவது குதிரை நான்கு பர்லாங்குக்கு 46.2 விநாடி எடுத்துக்கொண்டது. விநாடிக்கு 57.1 அடி. கடைசி இரண்டு பர்லாங்கில் 55.5 அடி. முன்பகுதி வேகத்தையும் பின்பகுதி வேகத்தையும் கூட்டி, அதில் முன்பகுதியின் பங்கு எத்தனை சதவிகிதம் என்று பார்த்தால் முதல் குதிரைக்கு 52.6, இரண்டாவதற்கு 50.7. பேப்பரில் இரண்டும் 70 விநாடிக் குதிரைகள்தான். ஆனால், ஒன்று சம்பளம் வந்த வாரமே செலவழித்துவிடும் ஆள். மற்றது மாசக் கடைசிக்கு மிச்சம் பிடிக்கும் ஆள்.

எது நல்ல குதிரை? இங்கேதான் சுவாரஸ்யம். அது உடன் ஓடுகிறவர்களைப் பொறுத்தது! 52.6 ரகக் குதிரை ஒன்றே ஒன்று இருந்தால், முன்னால் போட்டியில்லாமல் மூச்சை மிச்சம் பிடித்துக்கொண்டு கடைசிவரை போய்விடும். அதே ரகத்தில் மூன்று சேர்ந்தால் ஒன்றையொன்று எரித்துக்கொள்ளும். தரையும் முக்கியம். அமெரிக்க மண் தடங்களில் தொடக்க வேகத்துக்கு மரியாதை அதிகம். பின்னால் வரும் குதிரையின் முகத்தில் மண் வேறு வாரியடிக்கும். புல் தடத்தில் முதலில் நிதானம், கடைசியில் பாய்ச்சல். அதனால், ஒரு மைதானத்தில் சமீபத்தில் ஜெயித்த குதிரைகளின் சதவிகிதம் எந்த எல்லைக்குள் இருக்கிறது என்று கணக்கெடுத்து, அதற்குப் பொருந்தாத குதிரைகளைக் கழித்துவிடுவார்கள்.

இந்தச் சதவிகிதக் கணக்கைப் பிரபலப்படுத்தியவர் ஹோவர்ட் சார்ட்டின். கலிஃபோர்னியாவைச் சேர்ந்த உளவியல் ஆலோசகர். 1970-களில் சூதாட்டத்தில் சிக்கிய லாரி டிரைவர்களுக்கு ஆலோசனை சொல்லிக்கொண்டிருந்தவர், 'விட்டுவிடுங்கள்' என்பதற்குப் பதிலாக, ஜெயிக்கக் கற்றுக்கொடுப்பதுதான் தோல்விக்கு மருந்து என்று முடிவுசெய்தார். குடிகாரருக்கு நல்ல சரக்கு எது என்று சொல்லிக்கொடுக்கிற வைத்தியம் மாதிரிதான்! வைத்தியம் எப்படியோ, கணக்கு நிலைத்துவிட்டது. அவருடைய வழியில் வந்த டாம் ப்ரோஹேமர் 1991-ல் அதைத் தெளிவான புத்தகமாகவே எழுதினார்.

நம்மூருக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. குதிரைப் பந்தயத்தையும் அதன்மேல் பணம் கட்டுவதையும் ஒழிக்க 1974-ல் தமிழகத்தில் சட்டம் வந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1996-ல் தீர்ப்பு: குதிரைப் பந்தயம் வெறும் அதிர்ஷ்டமல்ல, திறமை சார்ந்தது. மேலே பார்த்த கணக்கைப் போட்டவர்கள் அதை மறுக்க மாட்டார்கள். ஆனால், திறமை இருந்தால் காசு வரும் என்று எந்த நீதிபதியும் எழுதித் தரவில்லையே!

அமெரிக்காவில் எல்லோர் பணமும் ஒரே உண்டியலில் விழுகிறது. அதிலிருந்து முதலில் மைதானமும் அரசும் தங்கள் பங்கை எடுத்துக்கொள்ளும். ரிச் ஸ்ட்ரைக் ஜெயித்த காலத்தில், சர்ச்சில் டவுன்ஸில் ஒரு குதிரை ஜெயிக்கும் என்று கட்டும் பணத்தில் 17.5 சதவிகிதம் அப்படிப் போனது. 100 ரூபாய் போட்டால் பங்கு பிரிக்க இருப்பது 82 ரூபாய் 50 பைசா. ஆக, மற்றவர்களைவிடக் கொஞ்சம் கெட்டிக்காரராக இருப்பது போதாது, அந்த 17.5-ஐத் தாண்டும் அளவுக்குக் கெட்டிக்காரராக இருக்க வேண்டும். அதுவும் உங்கள் கணக்கு ஊருக்கே தெரியாமல் இருந்தால்தான் பலிக்கும். ஆண்ட்ரூ பேயர் என்ற பத்திரிகையாளர் உருவாக்கிய வேக மதிப்பெண்கள் 1992-லிருந்து 'டெய்லி ரேசிங் ஃபார்ம்' இதழில் அச்சாகத் தொடங்கின. பேப்பர் வாங்கிய எல்லோர் கையிலும் ஒரே ரகசியம்! நல்ல மதிப்பெண் வாங்கிய குதிரைமேல் எல்லோரும் கட்டினார்கள். கிடைக்கும் தொகை சுருங்கியது.

சக்திக் கணக்கையே பொய்யாக்கிய குதிரையும் உண்டு: செக்ரடேரியட். 1973 ஜூன் 9, நியூயார்க்கில் பெல்மான்ட் ஸ்டேக்ஸ். தூரம் ஒன்றரை மைல். ஜாக்கி ரான் டர்காட். தொடக்கத்திலிருந்தே 'ஷாம்' என்ற குதிரையோடு தோளோடு தோள் உரசி, முதல் ஆறு பர்லாங்கை 69.8 விநாடியில் கடந்தது செக்ரடேரியட். அவ்வளவு நீண்ட பந்தயத்தில் அது கிட்டத்தட்ட தற்கொலை வேகம். கணக்குப்படியே ஷாம் உடைந்து, ஐந்து குதிரைகளில் ஐந்தாவதாக முடித்தது. அதற்குமேல் அது பந்தயத்தில் ஓடவே இல்லை.

செக்ரடேரியட் மட்டும் உடையவில்லை. ஒவ்வொரு கால் மைலுக்கும் அது எடுத்துக்கொண்ட நேரம்: 23.6, 22.6, 23.6, 24.4, 24.8, 25.0 விநாடி. தளர்ச்சி இருக்கிறது, ஆனால், பெயருக்குத்தான். 31 குதிரை நீள இடைவெளியில் வெற்றி. அந்த 2 நிமிடம் 24 விநாடி, மண் தடத்தில் ஒன்றரை மைலுக்கு இன்றும் சாதனை. 1989-ல் அது இறந்தபோது பரிசோதித்த மருத்துவர், இதயம் 22 பவுண்டு, சுமார் 10 கிலோ இருக்கலாம் என்று மதிப்பிட்டார். தராசில் வைத்துப் பார்க்கவில்லை. சாதாரணப் பந்தயக் குதிரையின் இதயம் 4 கிலோவைச் சுற்றித்தான் இருக்கும்.

அன்று அதன்மேல் 2 டாலர் கட்டியவர்களுக்குத் திரும்பக் கிடைத்தது 2 டாலர் 20 சென்ட். செக்ரடேரியட்தான் ஜெயிக்கும் என்று ஊருக்கே தெரிந்திருந்ததால் 20 சென்ட்தான் லாபம். ஜெயித்த டிக்கெட்டுகளில் 5,617 டிக்கெட்டுகளைப் பணமாக்க யாருமே வரவில்லை. ஞாபகார்த்தமாக வீட்டில் வைத்துக்கொண்டுவிட்டார்கள்.